பாதையில் நின்றவரும் கழனியில் நின்றவரும்

(இலக்கிய மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்களைப் பற்றிப் பேசச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய வெள்ளைக்காரக் கவிஞர்களுக்கும் இங்கே உட்கார்ந்திருக்கிற நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் பலபேர் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள், இல்லையென்றால் படித்துக்கொண்டிருப்பவர்கள். பாஸ் பண்ணுவதற்காக மனப்பாடம் செய்த அந்தக் கவிதைகள் நம் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, 'இதுதான் கவிதை, இதுதான் இயற்கை, இதுதான் அழகு' என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதனால் அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

என் அனுபவத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் வேர்ட்ஸ்வொர்த்தின் 'தனியாகக் கதிரறுப்பவள்' கவிதை பாடத்தில் இருந்தது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு பெண் தனியே கதிரறுத்துக்கொண்டே பாடுகிறாள். கவிஞர் பாதையில் நின்று கேட்கிறார். அவள் பாடுவது கேலிக் மொழி. அது அவருக்குப் புரியவில்லை. பழைய சோகமோ, இன்றைய துயரமோ என்று யோசித்துவிட்டு, அந்த இசையை நெஞ்சில் சுமந்துகொண்டு மலையேறிப் போய்விடுகிறார். இவ்வளவுதான் கவிதை.

இதை நான் வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கம்மா கதிரறுப்புக்குப் போய் வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தது. "என்னாடா படிக்கிற?" என்று கேட்டது. தமிழில் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு அம்மா கேட்டது இதுதான்: "ஏன்டா, அவ ஏன் ஒண்டியா அறுக்கறா? கூட ஆளுங்க இல்லியா? கூலி எவ்ளோவாம்?"

மறுநாள் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றார் ஆசிரியர். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கேள்வி உட்காரவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் சில விவரங்கள் தெரிந்தன. வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் 1803இல் ஸ்காட்லாந்துக்குப் பயணம் போனார்கள். டோரதி அந்தப் பயணத்தைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். அறுவடைக் காலம், வயல்களில் சிறுசிறு கூட்டமாக அறுத்துக்கொண்டிருந்தார்கள், ஆள் அரவமற்ற பகுதிகளில் தனி ஆள் அறுப்பதையும் பார்க்க முடியும் என்கிறார். ஆக, அம்மா சொன்னதுபோலக் கூட்டமாகத்தான் அறுத்திருக்கிறார்கள். தனியாக அறுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் கவிதை பிறந்தது நேரில் பார்த்த ஒரு பெண்ணிடமிருந்து அல்ல. தாமஸ் வில்கின்சன் என்ற நண்பரின் கையெழுத்துப் பிரதியில் இருந்த ஒரு வாக்கியத்திலிருந்து 1805இல் எழுதியது. 1807இல் நூலில் சேர்த்தபோது வேர்ட்ஸ்வொர்த்தே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவர் மறைக்கவில்லை. நம் வகுப்பறைதான் அதைச் சொல்லவில்லை.

இதற்காக அந்தக் கவிதையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ரொமாண்டிக்குகள் செய்த காரியத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி. அதன் அனல் வாங்கிய தலைமுறை இது. 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோலரிட்ஜும் சேர்ந்து கொண்டுவந்த 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பும், 1800ஆம் ஆண்டுப் பதிப்பில் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய முன்னுரையும் ஒரு பெரிய உடைப்பு. கவிதைக்கென்று தனியாக ஓர் அலங்கார மொழி தேவையில்லை, சாதாரண மனிதர்கள் பேசுகிற மொழியே போதும், கிராமத்து ஏழையின் வாழ்க்கையும் கவிதைக்குரிய பொருள்தான் என்று துணிந்து சொன்னார்.

ஷெல்லி இன்னும் ஒருபடி மேலே போனார். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடினார்கள். நிராயுதபாணியான ஜனங்கள், பெண்கள், குழந்தைகள். குதிரைப்படை வாளோடு உள்ளே புகுந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். வாட்டர்லூ போரைக் கிண்டலாக நினைவூட்டி 'பீட்டர்லூ' என்று அதற்குப் பெயர் வந்தது. இத்தாலியில் இருந்த ஷெல்லி செய்தி கேட்டு 'அராஜகத்தின் முகமூடி' என்ற நெடுங்கவிதையை எழுதி, வெளியிடச் சொல்லி லண்டனுக்கு நண்பர் லே ஹண்ட்டுக்கு அனுப்பினார். அச்சிட்டால் சிறை என்ற காலம். ஹண்ட் அதை வெளியிட்டது 1832இல். ஷெல்லி 1822லேயே கடலில் மூழ்கிச் செத்துவிட்டார். 'ராணி மாப்' என்ற அவருடைய இன்னொரு கவிதையைத் தொழிலாளிகள் திருட்டுப் பதிப்பாக, மலிவு விலையில் வாங்கிப் படித்தார்கள்.

நம்ம பாரதி ஒரு காலத்தில் 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதியவர். பாரதிக்கு ஒரு பாரதிதாசன் வந்தார். அவருடைய சொந்தப் பெயரான சுப்புரத்தினத்துக்கு ஒரு சுப்புரத்தினதாசன், அதாவது சுரதா, வந்தார். மான்செஸ்டர் ரத்தத்தைப் பாடியவரின் பெயரில் ஆரம்பித்த ஒரு வரிசை இங்கே மூன்று தலைமுறைக்கு நீண்டிருக்கிறது. தாக்கம் என்று சும்மா சொல்லவில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. வேர்ட்ஸ்வொர்த் ஏழையைப் பற்றி எழுதினார். ஷெல்லி ஏழைக்காக எழுதினார். கழனிக்குள் நின்றவர் யாராவது தானே எழுதினாரா? எழுதியிருந்தால் அவருக்கு என்ன நடந்தது?

எழுதினார். ஜான் கிளேர் என்று பெயர். மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

கிளேர் பிறந்தது 1793 ஜூலை 13, இங்கிலாந்தில் ஹெல்ப்ஸ்டன் என்ற சின்ன கிராமத்தில். அப்பா பார்க்கர் கிளேர் கூலிக்குக் கதிரடிக்கிறவர். நாட்டுப் பாடல்கள் ஏராளமாகத் தெரிந்தவர். அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. பையன் சின்ன வயதிலேயே அப்பாவோடு கதிரடிக்கப் போனான். வேலை இல்லாத மாதங்களில் பள்ளிக்கூடம். ஜேம்ஸ் தாம்சனின் 'பருவங்கள்' என்ற கவிதை நூலை எப்படியோ காசு சேர்த்து ஸ்டாம்ஃபோர்டு டவுனில் வாங்கினான். வேலை நாளில் புத்தகமும் கையுமாக யாராவது பார்த்துவிட்டால் கேவலமாகப் பேசுவார்களே என்று, ஒரு பிரபுவின் தோட்டத்துச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே உட்கார்ந்து படித்தான். படிப்பதற்குச் சுவர் ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியதும் அப்படித்தான். வயலில் குனிந்து உட்கார்ந்து, தொப்பியைக் கவிழ்த்து, அதன் மேல் தாளை வைத்துக் கிறுக்குவான். வீட்டுச் சுவர் ஓட்டையில் ஒளித்து வைப்பான். அம்மா அதை அடுப்பு பற்றவைக்க எடுத்துவிடும். தான் எழுதியது என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று, அச்சடித்த புத்தகத்திலிருந்து படிப்பதுபோலப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுவான். அவர்கள் நன்றாயிருக்கிறது என்றால் வைத்துக்கொள்வான், புரியவில்லை என்றால் திருத்துவான். அவனுக்குக் கிடைத்த முதல் விமர்சகர்கள் எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவும், கதிரடிக்கிற அப்பாவும்தான்.

அவன் வளர்ந்த காலத்தில் ஊருக்கு ஒரு கேடு வந்தது. வேலியடைப்பு. மேய்ச்சல் நிலம், புதர்க்காடு, சதுப்பு இவையெல்லாம் ஊர்ப் பொது. ஏழைகள் அங்கே ஒரு மாடு மேய்த்துக்கொள்ளலாம், விறகு பொறுக்கலாம். இந்தப் பொதுவைப் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் பங்குபோட்டு, வேலி கட்டி, தனிச்சொத்தாக்கினார்கள். 1604லிருந்து 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். திருட்டுத்தனமாக அல்ல, சட்டம் போட்டு. ஹெல்ப்ஸ்டனுக்கான சட்டம் வந்தது 1809இல். எல்லை பிரித்துப் பட்டயம் எழுதி முடிய 1820 ஆயிற்று. பழைய பாதைகள் மறிக்கப்பட்டன, மரங்கள் விழுந்தன, 'உள்ளே வராதே' என்ற பலகைகள் முளைத்தன.

கொடுமை என்னவென்றால், அந்த வேலியைக் கட்டிய கூலிக் கூட்டத்தில் கிளேரும் ஒருவர். வேறு வேலை கிடையாது. தன்னை வெளியே நிறுத்துகிற வேலியைத் தன் கையாலேயே நட்டுவிட்டு, ராத்திரி அதைப் பற்றிக் கவிதை எழுதினார். ஓவியம்போலத் தூரத்தில் தெரிகிற 'இயற்கைக் காட்சி' அல்ல அவர் எழுதியது. யாருக்குச் சொந்தம், யார் போகலாம், யார் போகக் கூடாது என்ற கேள்வியோடு சேர்ந்த இயற்கை. அவருடைய ஒரு கவிதையில் ஸ்வார்டி வெல் என்ற நிலமே வாய் திறந்து, தன்னை எப்படித் தோண்டி எடுத்துப் பிச்சைக்காரியாக்கினார்கள் என்று சொல்கிறது. வேலியடைப்பை நேரடியாகத் தாக்கும் 'மோர்ஸ்' என்ற கவிதை அவர் உயிரோடிருந்தவரை அச்சாகவில்லை.

பெற்றோர் வாடகை பாக்கியில் வீட்டை இழக்கும் நிலை வந்தபோதுதான் கவிதைகளை வெளியிட முயன்றார். கீட்ஸின் பதிப்பாளரான ஜான் டெய்லர் 1820இல் முதல் நூலைக் கொண்டுவந்தார். முகப்பில் பெயருக்குக் கீழே 'நார்த்தாம்ப்டன்ஷயர் விவசாயக் கூலி' என்ற பொருளில் ஓர் அடையாளம். அடையாளத்தோடு சேர்த்துத்தான் விற்பனை. ஓராண்டு அளவில் நான்கு பதிப்பு. லண்டன் கனவான்கள் இந்த அதிசயப் பிராணியைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வயலில் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்வார்கள். அன்றைய கூலி போகும். பார்லி மாளிகையின் பிரபு ஆண்டுக்கு 15 கினி உதவித்தொகை தருவதாக அழைத்தார். ஆணியடித்த பூட்ஸோடு பளிங்குத் தரையில் சத்தம் வராமல் நடக்கப் பயந்துகொண்டே போனார் கிளேர். கவிதையைப் பாராட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு வேலைக்காரர்களின் பந்திக்கு அனுப்பினார்கள்.

பாராட்டுக்கு ஒரு விலை இருந்தது. ராட்ஸ்டாக் பிரபு என்ற ஆதரவாளர் மதப்பற்று மிக்க கடற்படைத் தளபதி. செல்வத்தைச் சபிக்கிற சில வரிகளைப் பார்த்துக் கொதித்துப்போனார். இது தீவிரவாதம், நன்றிகெட்டதனம், நீக்காவிட்டால் ஆதரவு கிடையாது என்றார். நான்காம் பதிப்புக்குள் அந்த வரிகள் காணாமல் போய்விட்டன. ஏழை தன் ஏழ்மையைப் பாடலாம். ஏழ்மைக்குக் காரணம் யாரென்று பாடக் கூடாது.

அடுத்தது மொழி. கிளேர் தன் வட்டார மொழியில் எழுதினார். நத்தைக் கூட்டுக்குப் 'பூட்டி', தண்ணீர் மேலே லேசாக உறைய ஆரம்பிப்பதற்கு 'கிரிசில்' என்று சொற்கள் இருந்தன. நிறுத்தற்குறி போடமாட்டார். இலக்கணம் என்பது அரசாங்கத்தில் கொடுங்கோன்மை மாதிரி, அதற்கு அடிமையாக மாட்டேன் என்ற அர்த்தத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். சாதாரண மனிதனின் மொழியே கவிதை மொழி என்று வேர்ட்ஸ்வொர்த் முழங்கி இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சாதாரண மனிதன் தன் மொழியோடு நேரில் வந்து நின்றபோது பதிப்பாளர்கள் சொற்களை மாற்றினார்கள், குறிகளைப் போட்டார்கள். 1827இல் வந்த 'மேய்ப்பனின் நாட்காட்டி'யில் பெரும்பகுதியை வெட்டியே எறிந்தார் டெய்லர். நம் பக்கங்களில் பேச்சு மொழியில் எழுதினால் 'கொச்சை' என்று மூக்கைப் பிடிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். நான் அதிகம் சொல்ல வேண்டாம்.

அவருடைய பார்வை எப்படி வேறு என்பதற்கு ஓர் உதாரணம். கீட்ஸின் 1819ஆம் ஆண்டு நைட்டிங்கேல் பாட்டு எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பறவை, அதன் குரலில் ஏறிக் கவிஞர் துயரத்தைத் தாண்டிப் போகப் பார்க்கிறார். மகத்தான கவிதைதான், கீட்ஸும் பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல. குதிரை லாயம் நடத்தியவரின் மகன், மருந்து படித்தவர், 'திரும்ப மருந்துக் கடைக்குப் போ' என்று விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். கிளேருக்கும் கீட்ஸை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் இயற்கையைக் கற்பனைக்குத் தோன்றியபடி எழுதுகிறார், கண்ணால் பார்த்தபடி அல்ல என்று குறிப்பிட்டார். 1835இல் வந்த கிளேரின் 'நைட்டிங்கேல் கூடு' கவிதையில் நாம் முள்ளில் குனிந்து தவழ்ந்து போக வேண்டும். பறவை பயந்து பாட்டை நிறுத்திவிடுகிறது. கூட்டில் காய்ந்த ஓக் இலைகள், ஐந்து முட்டைகள். தொடாமல் திரும்பி வந்துவிடுகிறோம். பறவைக்கும் வீடு இருக்கிறது, பயம் இருக்கிறது என்று வீடு இழக்கிற பயம் தெரிந்தவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

'விவசாயக் கவிஞன்' மோகம் லண்டனுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. அடுத்த நூல்கள் விற்கவில்லை. குடும்பம் பெரிது, கடன், உடம்பு சரியில்லை, மனம் நொறுங்கியது. 1837இல் எப்பிங் காட்டில் ஒரு மனநல விடுதியில் சேர்த்தார்கள். 1841 ஜூலையில் அங்கிருந்து தப்பி, கையில் காசில்லாமல், பாதையோரப் புல்லைத் தின்றுகொண்டு, நான்கு நாளில் சுமார் 80 மைல் நடந்து ஊர் வந்தார். சின்ன வயதுக் காதலி மேரியைப் பார்க்கத்தான் அந்த நடை. மேரி 1838லேயே இறந்துவிட்டதைச் சொன்னால் அவர் நம்பவில்லை. அந்த டிசம்பரில் நார்த்தாம்ப்டன் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். சேர்க்கும் படிவத்தில் டாக்டர் எழுதிய காரணம், பல வருஷமாகக் கவிதை எழுதிக்கொண்டிருந்தது! 1864 மே 20 அன்று சாகும்வரை 22 வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். சில சமயம் தன்னைப் பைரன் பிரபு என்று சொல்லிக்கொண்டார். எழுதுவதை மட்டும் விடவில்லை. வில்லியம் நைட் என்ற காப்பக ஊழியர் அவற்றைப் பிரதி எடுத்து வைத்ததால்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

செத்த பிறகு என்ன ஆயிற்று? 1920இல் எட்மண்ட் பிளண்டனும் ஆலன் போர்ட்டரும் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார்கள். 1960களிலிருந்துதான் திருத்தாத, வெட்டாத கிளேர் அச்சில் வர ஆரம்பித்தார். அதிலும் ஒரு கூத்து. 1965இல் ஒரு பதிப்பாசிரியர் ஒரே ஒரு பவுன் கொடுத்துக் கிளேரின் அச்சாகாத எழுத்துக்களுக்கு உரிமை வாங்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவரிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை. பொதுநிலத்துக்கு வேலி போட்டதைப் பாடியவரின் பாட்டுக்கே வேலி! 1989இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கவிஞர்கள் மூலையில் நினைவுக் கல் வைத்தார்கள்.

அவர் தாக்கம் சாதாரணமல்ல. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய 'கிராமமும் நகரமும்' நூலில் கிளேருக்கு முக்கியமான இடம். எட்வர்ட் பாண்ட் 1975இல் 'முட்டாள்' என்று அவரை வைத்து நாடகம் போட்டார். ஆங்கிலேய ஆட்சியில் மொழி இழந்த அயர்லாந்தின் ஷீமஸ் ஹீனி, வட்டார மொழியை விட்டுக்கொடுக்காத கிளேரைப் பற்றி விரிவாகப் பேசினார். கரீபியத் தீவில் அடிமைகளின் வழித்தோன்றலான டெரக் வால்காட், 1997இல் தன் தாயின் மரணத்தைப் பாடிய நெடுங்கவிதைக்குள் கிளேரைக் கூப்பிட்டுக்கொண்டார். லண்டன் கைவிட்டவரை அடிமைப்பட்ட நாட்டுக் கவிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்வார்டி வெல் இன்று ஓர் இயற்கைக் காப்பிடம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிளேரை 'இங்கிலாந்தின் தலித் கவிஞர்' என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். அவரை வேலைக்காரர் பந்திக்கு அனுப்பினார்கள், ஊருக்கு வெளியே குடிவைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார இடம் இருந்தது. அவர் தொட்ட தண்ணீரை யாரும் கொட்டவில்லை. வர்க்கத்தை மட்டும் வைத்துச் சாதியை அளந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. நம்மைப் பற்றி எழுதுவது, நமக்காக எழுதுவது, நாமே எழுதுவது இந்த மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டையும் கொண்டாடிய ஒரு சமூகம் மூன்றாவதைக் கண்டதும் எப்படி நடந்துகொண்டது என்பதற்குக் கிளேர் வாழ்க்கை ஒரு சாட்சி. அடையாள அட்டை ஒட்டி விற்கும். வரியை வெட்டும். மொழியைத் திருத்தும். அலுத்ததும் விட்டுவிடும். செத்தபின் கல் வைக்கும்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தில் இருக்கிற வேர்ட்ஸ்வொர்த்தைப் படியுங்கள், ஷெல்லியைப் படியுங்கள், கீட்ஸைப் படியுங்கள். பக்கத்தில் கிளேரையும் வைத்துப் படியுங்கள். கவிதையில் வயல் வந்தால் அதில் யார் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அது யார் நிலம் என்று கேளுங்கள். வகுப்பில் சிரித்தால் சிரிக்கட்டும். நான் அன்றைக்கு உட்கார்ந்ததுபோல நீங்கள் உட்கார்ந்துவிட வேண்டாம்.

கிளேரின் பறவைக்கூட்டுக் கவிதையை எங்கம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. அப்புறம், "இந்தாளு கழனியில எறங்கினவன்டா" என்றது. ஆங்கில இலக்கியத்தில் நான் கேட்ட விமர்சனங்களில் அதற்கு மேல் ஒன்றை இன்னும் கேட்கவில்லை.